குளிர் கீழே இருந்துதான் ஏறுது: மலையில் மண் வீடு கட்ட நினைப்பவர்களுக்கு

நண்பர்களே, ஒரு சின்னக் கேள்வி. "மண் வீடு"னு சொன்னதும் உங்க கண் முன்னாடி என்ன வருது? வளைவான சுவர், ஓட்டுக்கூரை, சுவத்துல பதிச்ச கலர் பாட்டில், வாசல்ல ஒரு திண்ணை. ரீல்ஸ்ல வாரத்துக்கு ரெண்டு தடவையாவது இதைப் பார்த்துடறோம். பின்னணியில் ஒரு குரல் வரும்: "வெயில் காலத்துல குளுகுளு, குளிர் காலத்துல கதகதப்பு." நாமளும் ஒரு லைக் போட்டுட்டு, "ரிட்டையர் ஆனதும் ஊட்டில இப்படி ஒண்ணு கட்டணும்டா"னு நண்பனுக்கு அனுப்பிடறோம். இன்னும் வேலைக்கே போகலை, அதுக்குள்ள ரிட்டையர்மென்ட் பிளான்!

இப்போ ரெண்டாவது கேள்வி. அந்த வீடியோக்களில் யாராவது தரையைக் காட்டி, அதுக்குக் கீழே என்ன இருக்குன்னு சொல்லிப் பார்த்திருக்கீங்களா? சுவர் பத்தி பத்து நிமிஷம், கூரை பத்தி அஞ்சு நிமிஷம். தரைக்கு? "பாலிஷ் போட்ட மரப்பலகை, சூப்பரா இருக்குல்ல?" அவ்வளவுதான்.

என் கருத்தை நேரடியா சொல்லிடறேன். ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் மாதிரி குளிர் ஊர்ல, தரையை மண்ணிலிருந்து தூக்கிக் கட்டுற சின்ன வீடா இருந்தா, கூரைக்கு அடுத்த செலவு தரை இன்சுலேஷனுக்குத்தான் போகணும். சுவத்துப் பூச்சு, பாட்டில் ஜன்னல் எல்லாம் அதுக்கு அப்புறம். அதைச் செய்யாத வீடு எவ்வளவு "இயற்கை"யா இருந்தாலும், அதுல தூங்குறவங்களை ஹீட்டர் கிட்டயோ கரி அடுப்பு கிட்டயோதான் கொண்டு போய் விடும். ஏன்னு சொல்றேன்.

மண் ஒரு கம்பளி இல்லை

மண் வீடு பத்தி நம்ம எல்லாருக்கும் இருக்கிற பெரிய குழப்பம் இது. மண் வெப்பத்தைத் தடுக்காது, சேமிச்சு வைக்கும். ரெண்டும் வேற வேற. மதுரையிலோ திருச்சியிலோ ஒரு அடி தடிமன் மண் சுவர் பகல் வெயிலை மெதுவா உள்ளே இழுத்து, ராத்திரிதான் அந்தப் பக்கம் விடுது. அதுக்குள்ள வெளியே காத்து குளிர்ந்திருக்கும், ஜன்னலைத் திறந்து விட்டா போச்சு. சமவெளியில் மண் வீடு ஜெயிக்கிறது இந்த தாமதத்தால்தான்.

மலையில் டிசம்பர், ஜனவரியில் கதை வேற. அங்கே பகல், ராத்திரி ரெண்டையும் சேர்த்து சராசரி எடுத்தாலும் குளிர்தான். எவ்வளவு தாமதப்படுத்தினாலும் கடைசியில் அந்தச் சராசரிக்குத்தான் சுவர் போய் நிக்கும். அங்கே தாமதம் மட்டும் போதாது, தடுப்பும் வேணும்.

எண்ணிக்கையில் பாருங்க. வெப்பம் எவ்வளவு சுலபமா கடக்குதுங்கிற கண்டக்டிவிட்டி, இறுக்கமான மண்ணுக்கு சுமார் 0.9. மரத்துக்கு சுமார் 0.14. நம்ம ரைஸ் மில்லுல மலை மாதிரி குவிஞ்சு கிடக்கிற உமிக்கு சுமார் 0.06. தெர்மகோலுக்கு 0.036 பக்கம். அதாவது 10 சென்டிமீட்டர் உமி செய்யுற வேலையை மண் செய்யணும்னா ஒன்றரை மீட்டர் தடிமன் வேணும்! கோட்டைக்குக்கூட சில இடத்துல அவ்வளவு இருக்காது.

சரி, தரையை எதுக்குத் தூக்கணும்?

தரையோட ஒட்டிக் கட்டிட்டா இந்தத் தலைவலியே இல்லையேன்னு கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனா மலையில் தரையைத் தூக்குறதுக்கு வலுவான காரணங்கள் இருக்கு.

முதல் காரணம் சரிவு. சமதளம் வேணும்னா மலையை வெட்டணும். வெட்டின மண்ணை முன்பக்கம் கொட்டி நிரப்பணும். இப்படி வெட்டி நிரப்பின இடம் பெருமழையில் என்ன ஆகும்னு நீலகிரிக்கு நல்லாவே தெரியும். 2009 நவம்பரில் நடந்த நிலச்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனாங்க. சின்ன வீட்டைக் கல் தூண் மேல நிறுத்தினா மலையைத் தொடவே வேண்டாம். மழைத்தண்ணி அதன் வழியில் கீழே ஓடிடும். ரெண்டாவது காரணம் ஈரம். மண் சுவருக்கும் மரத்துக்கும் முதல் எதிரி தண்ணிதான். மூணாவது கரையான். தூண் மேல ஒரு தகடு வெச்சு மடக்கி விட்டா, கரையான் ரகசியமா மேலே ஏற முடியாது. தகட்டைச் சுத்தி மண் பாதை கட்டித்தான் வரணும், அப்போ நம்ம கண்ணுல பட்டுடும்.

ஆக, தூக்குறது சரிதான். ஆனா தூக்கின அடுத்த நிமிஷம் உங்க தரை இன்னொரு வெளிச்சுவர் ஆயிடுது. அதுக்குக் கீழே ராத்திரி முழுக்க குளிர்க்காத்து வீசும். நாலு சுவர், ஒரு கூரையோட ஆறாவது பக்கமும் வெட்டவெளியைப் பார்த்து நிக்குது. இதை மறந்துட்டு ஒரு இன்ச் பலகையை மட்டும் ஆணி அடிச்சு விடறது, மேலே ஸ்வெட்டர் போட்டுட்டு வேட்டி இல்லாம நிக்குற மாதிரி.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

"சூடு மேலேதானே போகும், தரை வழியா எவ்வளவு போயிடப் போகுது?" இதை நம்ம கிளாஸ்லயே நிறைய பேர் கேட்பாங்க. மேலே போறது சூடான காத்துதான். வெப்பம் எந்தப் பக்கம் குளிரா இருக்கோ அந்தப் பக்கம் போகும், கீழேயும் போகும்.

10 அடிக்கு 12 அடி, ஒரே அறை. சுமார் 11 சதுர மீட்டர். உள்ளே 18 டிகிரி, தரைக்குக் கீழே 6 டிகிரின்னு வெச்சுக்குவோம். ஜனவரி ஊட்டிக்கு இது சாதாரண ராத்திரி. உறைபனி விழுற ராத்திரி இதைவிட மோசம்.

வெறும் 25 மில்லிமீட்டர் பலகை மட்டும் இருந்தா, பலகையோட தடுப்பு 0.18. மேலும் கீழும் ஒட்டி நிக்கிற காத்துப் படலத்தோட தடுப்பு 0.21. கூட்டினா 0.39. தலைகீழா போட்டா யூ-வேல்யூ 2.56. அதை 11ஆலும் 12 டிகிரி வித்தியாசத்தாலும் பெருக்குங்க: கிட்டத்தட்ட 340 வாட். தரை வழியா மட்டும்!

அதே பலகைக்குக் கீழே 10 சென்டிமீட்டர் உமி நிரப்பினா தடுப்பு 0.39லிருந்து 2.06 ஆகுது. வெப்ப இழப்பு 64 வாட். பலகையைத் தாங்குற சட்டங்கள் வழியா கொஞ்சம் கூடுதலா கசியும், அதையும் சேர்த்தா 72 வாட்னு வெச்சுக்கலாம். 10 மணி நேர ராத்திரிக்கு மிச்சம் சுமார் 2.7 யூனிட் கரன்ட், ஒரே ஒரு சின்ன அறைக்கு.

ஆனா என்னை அசைச்சது கரன்ட் பில் கணக்கு இல்லை, பலகையோட மேற்பரப்பு வெப்பநிலை. அறை 18 டிகிரியில் இருக்கும்போதே வெறும் பலகை 13 டிகிரிக்கு இறங்கிடும். உமி போட்ட தரை 17 டிகிரியில் நிக்கும். தெர்மாமீட்டரை சுவத்துல மாட்டிப் பார்த்தா ரெண்டு அறையும் ஒண்ணுதான். பாய் விரிச்சுப் படுக்கிறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணு இல்லை.

இந்த இடத்துல கொஞ்சம் நில்லுங்க. இன்சுலேஷன் பத்தி நாம படிக்கிற புத்தகம் பெரும்பாலும் கட்டில், சோபா, ஷூ இருக்கிற ஊர்ல எழுதினது. நம்ம வீட்ல தரையிலதான் உட்காருறோம், சாப்பிடுறோம், தூங்குறோம். குழந்தை தவழுது. உடம்பு நேரா தொடுற ஒரே கட்டடப் பகுதி தரைதான். அப்படிப் பார்த்தா தரை இன்சுலேஷன் அவங்களைவிட நமக்குத்தான் அவசியம்.

கோத்தகிரி பக்கம் என் வகுப்பு நண்பன் வீட்டுக்குப் போனப்போ அவன் பாட்டி படுக்கை போடுறதைக் கவனிச்சேன். முதல்ல ரெண்டு சணல் சாக்கு, அதுக்கு மேல பாய், அதுக்கு மேல கம்பளி. "கீழ எதுக்குப் பாட்டி சாக்கு?"ன்னு கேட்டேன். "கீழ இருந்துதான கண்ணு குளிர் ஏறுது"ன்னாங்க. ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல ஒரு யூனிட் முழுக்க சொல்றதை அஞ்சு வார்த்தையில் முடிச்சுட்டாங்க.

மலையில் வாழ்ந்தவங்களுக்கு இது புதுசு இல்லை. தோடர்களோட பழைய வீட்டைப் பாருங்க. பீப்பாயைப் பாதியா அறுத்த மாதிரி கூரை, தவழ்ந்துதான் நுழைய முடியும்கிற அளவு சின்ன வாசல். இது ரெண்டையும் டூரிஸ்ட் எல்லாரும் போட்டோ எடுத்துக்குவாங்க. உள்ளே படுக்க உயரமான மண் திண்ணை இருந்ததையும், அதன் மேல தோலோ பாயோ விரிச்சதையும் யாரும் பேசறதில்லை. திண்ணை வெப்பத்தைச் சேமிக்குது, தோல் தடுக்குது. ரெண்டு வேலைக்கு ரெண்டு பொருள்!

எல்லா ஊருக்கும் இது இல்லை

இந்தக் கட்டுரையைப் படிச்சுட்டு யாரும் விழுப்புரத்துல தரைக்கு உமி போட்டுடாதீங்க. சில மீட்டர் ஆழத்தில் நிலத்தோட வெப்பநிலை அந்த ஊர் வருஷ சராசரிக்குப் பக்கத்துல இருக்கும். சென்னைக்கு அது 28, 29 டிகிரி. மே மாசம் வெளியே 40 அடிக்கும்போது, நிலத்தோட ஒட்டின தரை உங்க வீட்டு வெப்பத்தை இழுத்துக்குது. மத்தியானம் வெறும் தரையில் படுத்தா சுகமா இருக்கே, அது இதனாலதான். அங்கே இன்சுலேஷன் போட்டா இலவச ஏசியை நீங்களே ஆஃப் பண்ண மாதிரி.

ஊட்டியில் அதே வருஷ சராசரி 14, 15 டிகிரிதான். நிலத்தோட ஒட்டிக் கட்டினாலும் தரை வெப்பத்தை உறிஞ்சும்; தூக்கிக் கட்டினா சொல்லவே வேண்டாம். நம்ம நேஷனல் பில்டிங் கோடு நாட்டை அஞ்சு தட்பவெப்ப மண்டலமா பிரிச்சு வெச்சிருக்கு. ஒரு மண்டலத்துக்குச் சரியான வீட்டை இன்னொரு மண்டலத்துல காப்பி அடிக்கிறது, ஈ.சி.ஈ. பேப்பருக்கு சிவில் பிட்டு எடுத்துட்டுப் போற மாதிரிதான்.

எதைப் போடலாம்?

உமி என் முதல் சாய்ஸ். அதுல சிலிக்கா அதிகம், அதனால வைக்கோல் மாதிரி சீக்கிரம் மக்காது. 11 சதுர மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் நிரப்ப 1.1 கன மீட்டர், சுமார் 120 முதல் 150 கிலோ. ஒரு குட்டி யானை வண்டிக்கு அது பாரமே இல்லை. ஆனா சலிச்ச உமியா இருக்கணும். குருணையும் நெல்லும் கலந்திருந்தா எலிக்கு விருந்து வெச்ச மாதிரி ஆயிடும். காய்ஞ்சிருக்கணும். கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் கலந்தா பூச்சியும் பூஞ்சையும் குறையும். காலப்போக்குல அமுங்கும், அதனால நல்லா அமுக்கி நிரப்பணும்.

ரெண்டாவது தென்னை நார். பொள்ளாச்சி பக்கத்துலயே இருக்கு. லிக்னின் அதிகம் இருக்கிறதால ஈரத்தைத் தாங்கும். ஆனா நாரையும் நார்க்கழிவையும் குழப்பிக்காதீங்க. செடித்தொட்டிக்குப் போடுற அந்தத் தூள் தன் எடையைப் போல பல மடங்கு தண்ணியைக் குடிச்சு வெச்சுக்கும். அதைத் தரைக்கு அடியில் போட்டா, வீட்டுக்குக் கீழே ஈரத்துணி கட்டின கதைதான்.

மூணாவது ஆட்டு ரோமம். நீலகிரிக்குன்னே ஒரு ரோம ஆட்டு இனம் இருக்கு; ஊட்டி பக்கம் சாண்டிநல்லாவில் அதுக்கு ஆராய்ச்சி நிலையமும் இருக்கு. ரோமம் தன் எடையில் சுமார் 30 சதவீதம் ஈரத்தை உள்வாங்கினாலும் தொட்டா ஈரமா தெரியாது. அந்துப்பூச்சி வராம இருக்க போராக்ஸ் போடணும். ஆனா கிடைக்கிற அளவு ரொம்பக் குறைவு.

தெர்மகோல்? அது பாவம்னு நான் சொல்ல வரலை. நிலத்தோட ஒட்டின, ஈரம் ஏறுற காங்கிரீட் தரைக்குக் கீழே உமி மக்கிப் போகும்; அங்கே ஃபோம் போர்டுதான் சரி. ஆனா மரச்சட்டமும் மண்ணும் இருக்கிற தூக்கின தரையில், ஃபோமை இறுக்கமா சொருகினா ஈரம் வெளியே போக வழி இல்லாம சட்டத்து ஓரத்துல தங்கும். எறும்பும் எலியும் அதுல சந்தோஷமா கூடு கட்டும். தீப்பிடிச்சா புகை ரொம்ப மோசம்.

எப்படி அடுக்குறது?

பொருளைவிட வரிசை முக்கியம். கீழேயிருந்து மேலே வருவோம்.

முதல்ல நிலம். மண்ணிலிருந்து ஆவி மேலே ஏறாம இருக்க, நிலத்து மேல கனமான பிளாஸ்டிக் ஷீட், அதுக்கு மேல கொஞ்சம் ஜல்லி. பிளாஸ்டிக்குக்கு இந்த வீட்டில் உரிய இடம் இது ஒண்ணுதான். நிலத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு ஆள் தவழ்ந்து போற மாதிரி ஒன்றரை அடியாவது இடைவெளி வேணும். பார்க்க முடியாத இடத்தை யாரும் ரிப்பேர் பண்ண மாட்டாங்க.

அடுத்து சட்டங்களோட அடியில் எலி நுழையாத சின்னக் கண் கம்பி வலை. அதுக்கு மேல காத்தைத் தடுக்கிற, ஆனா ஆவியை வெளியே விடுற துணியோ மூங்கில் பாயோ. காத்து உமிக்குள்ள புகுந்து ஓடினா உமி இருந்தும் பிரயோஜனமில்லை. ஸ்வெட்டர் போட்டு பைக்ல போனா குளிருதே, அதே விஷயம். சட்டங்களுக்கு நடுவே உமி. அதுக்கு மேல பலகை, இடுக்கு இல்லாம நெருக்கமா.

இதுல ஒரு விதி இருக்கு: உள்பக்கம் இறுக்கம், வெளிப்பக்கம் சுவாசம். குளிர் ஊர்ல மூச்சுக்காத்து, சமையல் எல்லாத்தோட ஈரமும் சூடான உள்பக்கத்திலிருந்து குளிர்ந்த கீழ்ப்பக்கம் போகும். கீழே பிளாஸ்டிக்கைச் சுத்தி அடைச்சா அந்த ஈரம் அங்கேயே தண்ணியாகி, சில வருஷத்துல சட்டத்தையே உளுத்துப் போக வெச்சிடும். "மழை படாம இருக்கட்டும்"னு அக்கறையா அடிக்கிற தார்ப்பாய்தான் தரையைக் கொல்லும்.

பலகை மேல 5 சென்டிமீட்டர் மண் தளம் போட ஆசையா? தாராளமா போடலாம். தடுப்பு கீழே, சேமிப்பு மேலே, அந்த வரிசை சரி. சுமார் ஒரு டன் மண் வரும். தெற்கு ஜன்னல் வெயிலில் சூடேறினா, ராத்திரி 4 டிகிரி இறங்குறதுக்குள்ள ஒரு யூனிட் வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கும். ஆனா சதுர மீட்டருக்கு 90 கிலோ கூடுது. ஐ.எஸ். 875 சொல்ற 200 கிலோ நடமாட்டச் சுமையோட இதையும் சேர்த்துத்தான் சட்டத்தை டிசைன் பண்ணணும். "இயற்கை வீடு"ன்னா கணக்கு வேண்டாம்னு அர்த்தம் இல்லை மக்களே.

"ரெண்டு கம்பளி போதாதா?"

கேட்பாங்க. வருஷத்துல மூணு மாசக் குளிருக்கு இவ்வளவு வேலையான்னு கேட்பாங்க. சனி, ஞாயிறு மட்டும் வந்து போற ரிசார்ட் வீட்டுக்கு இந்தக் கேள்வி சரியா இருக்கலாம். அங்கேயே வாழுறவங்களுக்கு இல்லை.

தரை சில்லுனு இருந்தா ஜனங்க என்ன செய்யறாங்க? கரியைத் தட்டுல அள்ளி அறைக்குள்ள வெச்சு, கதவு ஜன்னலை இறுக்கிச் சாத்தித் தூங்குறாங்க. புகை இல்லாத கனல், அதனால ஆபத்து இல்லைன்னு நம்பிக்கை. கரி கனலும்போது வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடிச்சிடும். நம்ம மலை ஊர்களிலிருந்து இந்த மாதிரி செய்தி வர்றதை நீங்களும் படிச்சிருப்பீங்க. செய்தியில் "அலட்சியம்"னு எழுதிட்டுப் போயிடறாங்க. குளிரைத் தாங்காத தரையைப் போட்டுக் கொடுத்த நம்ம துறையோட பங்கை யாரும் எழுதறதில்லை.

இன்னொண்ணும் நேர்மையா சொல்லணும். நல்லா இன்சுலேட் பண்ணி இடுக்கெல்லாம் அடைச்ச வீட்ல கரி அடுப்பு இன்னும் ஆபத்து. அதனால தரை இன்சுலேஷனோட, மூடவே முடியாத ஒரு சின்ன வெண்டிலேட்டரும், விறகு அடுப்பு இருந்தா கூரைக்கு மேல போற புகைக்குழாயும் சேர்ந்துதான் வரணும். ஒண்ணை மட்டும் செய்யறது அரை வைத்தியம்.

நாம என்ன பண்ணலாம்?

ஃபைனல் இயர் பிராஜெக்ட் டைட்டில் தேடிட்டு இருக்கிற ஜூனியர்ஸ், இது உங்களுக்கு. ஸ்மார்ட் டஸ்ட்பின் இதுவரைக்கும் போதுமான அளவு செஞ்சாச்சு. ஒரு பிளைவுட் பெட்டி, உள்ளே ஒரு பல்பு, நாலு டெம்பரேச்சர் சென்சார். உமி, தென்னை நார், ரோமம், தெர்மகோல், எதுவும் இல்லாத பலகை, இந்த அஞ்சையும் மாத்தி மாத்தி வெச்சு அளந்து பாருங்க. காய்ஞ்ச உமி ஒரு வாரம், மழைக்கால ஈரத்துல வெச்ச உமி ஒரு வாரம்னு ஒப்பிடுங்க. மேலே நான் போட்ட கணக்கு பேப்பர்ல போட்டது. நீங்க அளக்கிற எண் வேற மாதிரி வந்தா, அதை இதே இதழில் எழுதுங்க, நானே முதல் ஆளா படிப்பேன்.

சிவில் பசங்களுக்கு இன்னொரு வேண்டுகோள். நாளைக்கு நீங்க ஏதாவது ஆபீஸ்ல உட்கார்ந்து, ஒரு மலை வீட்டோட டிராயிங் உங்க டேபிளுக்கு வரும். செக்‌ஷன்ல சுவத்துக்கு அஞ்சு லேயர், கூரைக்கு ஏழு லேயர் இருக்கும். தரைக்கு ஒரே கோடு இழுத்து "மரப்பலகை, 25 மி.மீ."னு எழுதியிருக்கும். அந்தக் கோட்டுக்குக் கீழே இன்னும் நாலு கோடு இழுக்கச் சொல்லிக் கேளுங்க. பட்ஜெட் இல்லைன்னா, பாட்டில் ஜன்னலை எடுத்துடச் சொல்லுங்க.